நாயின் குணத்துக்கு யார் சாட்சி?

2007 செப்டம்பர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நாய்க் காப்பகம். இரும்புக் கூண்டின் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே போகிறார். அங்கிருக்கும் பிட்புல் நாய் பாயவில்லை, உறுமவில்லை. நான்கு கால்களையும் பரப்பி, தாடையைத் தரையில் அழுத்தியபடி தட்டையாகக் கிடக்கிறது. கிட்டே போகப் போக இன்னும் ஒடுங்குகிறது. இப்படிக் கிடந்த நாய்களுக்குப் 'பான்கேக் நாய்கள்' என்றே பிறகு பெயர் விழுந்தது. கல்லில் வார்த்த தோசை தரையில் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தக் காட்சி.

அந்த நாய்களெல்லாம் ஒரு கூட்டாட்சிக் குற்ற வழக்கின் வழக்குச் சொத்து. கத்தி, கட்டை, பணக்கட்டு என்று எழுதப்படும் பட்டியலில் இந்த நாய்களும் இருந்தன. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான மைக்கேல் விக்கின் பண்ணை வீடு, வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) இருந்தது. 2007 ஏப்ரல் 25 அன்று போதைப்பொருள் விசாரணை ஒன்றுக்காக அதைச் சோதனையிடப் போன போலீசார், நாய்ச்சண்டைக் களத்தையே கண்டுபிடித்தார்கள். விக் ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நீதிபதி ஹென்றி ஹட்சன் அவருக்கு 23 மாதச் சிறைத் தண்டனை விதித்தார். நாய்களின் பராமரிப்புக்கென்று ஏறத்தாழ 9,28,000 டாலரையும் அவர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மனிதருக்குத் தண்டனை முடிவானது. நாய்களை என்ன செய்வது?

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. நாய்ச்சண்டை வழக்கில் பிடிபட்ட நாய்களை வழக்கு முடியும்வரை அடைத்து வைப்பார்கள். முடிந்ததும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். சண்டைக்கு வளர்த்த நாய் இனி எதற்கும் உதவாது என்பது ஏறக்குறைய சட்டம்போலவே நிலைத்துவிட்ட நம்பிக்கை. விக் வழக்கு நடந்தபோது அமெரிக்காவின் ஹியூமேன் சொசைட்டி அமைப்பும், ஜல்லிக்கட்டு வழக்கால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த பீட்டா அமைப்பும்கூட அந்த நாய்களைக் கொல்வதே சரி என்றுதான் சொல்லின. விலங்குகளுக்காகவே இயங்கும் அமைப்புகள் அப்படிச் சொன்னபோது நீதிமன்றம் வேறு வழியை யோசித்ததே பெரிய விஷயம் என்பேன்.

அரசுத் தரப்பு ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திடம் உதவி கேட்டது. விலங்கு நடத்தை அறிஞர் ஸ்டீபன் ஸவிஸ்டோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு வந்தது. பிட்புல் நாய்களை மீட்டு வளர்க்கும் பேட் ராப் என்ற கலிபோர்னியா அமைப்பினரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். வர்ஜீனியாவின் பல காப்பகங்களில் பிரித்து அடைக்கப்பட்டிருந்த 49 நாய்களையும் அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அந்த 'ஒவ்வொன்றாக' என்ற சொல்லில்தான் இந்த வழக்கின் முக்கியத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பார்கள்? முதலில் கூண்டருகே போய் நின்று, நாய் தானாக என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். பிறகு உள்ளே போவார்கள், தொடுவார்கள், முதுகை வருடுவார்கள், வெளியே நடத்திச் செல்வார்கள். ஒரு பொம்மையைக் கொடுத்து விளையாடவிட்டுத் திரும்ப வாங்கிப் பார்ப்பார்கள். தட்டில் உணவு வைத்து, நாய் தின்னும்போது நீண்ட கோலின் முனையில் பொருத்திய ரப்பர் கையால் தட்டை மெல்ல இழுப்பார்கள். மனிதக் கை கடிபடக் கூடாது என்பதற்காகச் செய்த கருவி அது. குழந்தை அளவிலான பொம்மை ஒன்றைக் கிட்டே கொண்டுவருவார்கள். கடைசியில் சாதுவான வேறொரு நாயை எதிரே நிறுத்துவார்கள். சண்டைக் களத்திலிருந்து வந்த நாய்க்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் மிகக் கடினமான பரீட்சை.

கடிக்கிறதா இல்லையா என்பதை மட்டும் குறித்தால் போதாது. கடிப்பதற்கு முன்னால் உடம்பு பேசும் பேச்சையும் குறிக்க வேண்டும். எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும் தெருநாயின் பக்கத்தில் இன்னொரு நாய் வரும்போது பார்த்திருப்பீர்கள். தின்பது சட்டென்று நின்றுவிடும். தலை நிமிராது, உடம்பு மட்டும் கட்டைபோல் விறைக்கும். கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரியும். அந்த இரண்டு நொடி அசைவின்மைதான் மதிப்பீட்டாளர் தேடுவது. உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்று சொல்லும் குறிகள். வால் ஆடுவதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. விறைத்த உடம்போடு, உயர்த்திய வாலை வேகமாக ஆட்டும் நாயிடமிருந்து விலகி நிற்பதே நல்லது.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம் பழமொழி சொல்கிறது. அதை அப்படியே நம்பி யாரும் கையை நீட்டிவிடக் கூடாது. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது: உறுமுகிற நாய் எச்சரிக்கை தருகிறது. உறுமும்போதெல்லாம் அடிவாங்கிய நாய் உறுமுவதையே விட்டுவிடும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர், உறுமிய நாயைவிட உறுமவே உறுமாமல் விறைத்து நின்ற நாயைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்.

விக்கின் நாய்களைச் சோதித்து முடித்தபோது வந்த முடிவு எல்லோரையும் அசர வைத்தது. 49 நாய்களில் சீற்றத்துக்காகக் கொல்லப்பட வேண்டும் என்று குழு சொன்னது ஒரே ஒரு நாயைத்தான். மீதியுள்ளவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வீடுகளுக்கு அனுப்பிவிடவில்லை. வளர்ப்பு வீட்டில் வைத்துக் கவனிக்கத் தக்கவை, போலீஸ் பணிக்குப் பழக்கத் தக்கவை, சரணாலயத்தில் கட்டுப்பாட்டோடு வைக்க வேண்டியவை என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். அக்டோபரில் நீதிமன்றம் வல்பரைசோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ்ஸை அந்த நாய்களின் பாதுகாவலர்போல நியமித்தது. எந்த நாய் எங்கே போக வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பது அவருடைய வேலை. 47 நாய்கள் மீட்பு அமைப்புகளிடம் போயின. அவற்றில் கடினமானவை என்று கருதப்பட்ட 22 நாய்கள், யூட்டா மாநிலத்துக் கனாப் ஊரில் உள்ள பெஸ்ட் பிரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின.

அங்கேயும் மதிப்பீடு ஓயவில்லை. தத்துப் போக வேண்டிய நாய் முதலில் ஒரு தேர்வில் தேற வேண்டும் என்பது நீதிமன்ற நிபந்தனை. அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் பத்துக் கட்டத் தேர்வு அது. அறிமுகமில்லாதவர் வந்து பேசும்போதும், கூட்டத்தின் நடுவே நடக்கும்போதும், இன்னொரு நாயைக் கடந்து போகும்போதும் அமைதியாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கொடுக்கும் தீர்ப்போடு விடாமல், மாதக்கணக்கில் பழகிய பிறகு மறுபடியும் பார்ப்பது. என் பார்வையில் இந்த வழக்கின் மிக நல்ல பாடம் இதுதான். லூகாஸ் என்ற நாய் சண்டைக் களத்தில் பல முறை வென்றது என்பதால், அதை ஒருபோதும் தத்துக் கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனிதர்களிடம் மிகவும் பிரியமாக இருந்த அந்த நாய் கடைசிவரை சரணாலயத்திலேயே வாழ்ந்தது. லியோ என்ற இன்னொரு நாய், புற்றுநோய் நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் தரும் சிகிச்சை நாயாயிற்று.

ஆனாலும் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. 2009-இல் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட சண்டை நாய்கள், பிடிபட்ட பிறகு பிறந்த குட்டிகள் உட்பட, நீதிமன்ற உத்தரவின்படி கொல்லப்பட்டன. கண் திறக்காத குட்டி எந்தக் களத்தில் சண்டை போட்டது? நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான் ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றி, பிடிபடும் ஒவ்வொரு நாயையும் தனியாக மதிப்பிட வேண்டும் என்ற நிலைக்கு வந்தது.

இவ்வளவு சொன்னபின், இந்த மதிப்பீடு எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. நேர்மையாகச் சொன்னால், நீதிமன்றங்கள் நம்ப விரும்பும் அளவுக்கு இல்லை.

ரப்பர் கைச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் சோதித்த 97 நாய்களைத் தத்துக் கொடுத்த பிறகு, அவற்றை எடுத்துப் போன வீடுகளில் விசாரித்து எழுதிய ஆய்வு 2013-இல் வெளியானது. சோதனையில் உணவுக்காகச் சீறியவை 20. வீட்டுக்குப் போன பிறகும் அப்படிச் செய்தவை அவற்றில் 11 மட்டுமே. மீதி ஒன்பதும் காப்பகத்தில் மட்டும் சீறின. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாள்களில் நாய்களின் இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதை 1990-களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரவெல்லாம் நூறு நாய்கள் குரைக்கும் கொட்டடியில், அறியாத மனிதன் வந்து தட்டை இழுக்கும்போது ஒரு நாய் செய்வது ஒன்று. தன் வீட்டுத் திண்ணையில் செய்வது வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு 100 நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் உண்மையிலேயே ஆபத்தானவை 10. நம் சோதனை பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும் நல்ல சோதனை. ஆபத்தான 10-இல் அது 8-ஐப் பிடிக்கும். ஆனால் சாதுவான 90-இல் 18 நாய்களையும் ஆபத்தானவை என்று தவறாகச் சொல்லும். ஆக, குற்றம் சாட்டப்பட்ட 26 நாய்களில் 18 குற்றமற்றவை. கடிக்கிற நாய்கள் கூட்டத்தில் குறைவாக இருக்க இருக்க இந்தத் தவறு கூடிக்கொண்டே போகும். 2016-இல் கால்நடை நடத்தையியல் இதழில் வந்த கட்டுரை ஒன்று, காப்பகங்களில் நடக்கும் இத்தகைய சோதனைகள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேல் இல்லை என்றே வாதிட்டது.

அப்படியானால் மதிப்பீட்டையே விட்டுவிடலாமா? கூடாது. அதற்கு மாற்றாக இருப்பது நாயின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது. அதன் விலையைப் பிரிட்டன் காட்டியிருக்கிறது.

1991-இல் வந்த பிரிட்டனின் அபாயகர நாய்கள் சட்டம், பிட்புல் 'வகை', ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்று நான்கைத் தடை செய்தது. வகை என்றால் என்ன? நாய் எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பது பொருட்டில்லை. பார்க்க எப்படி இருக்கிறது என்பதே பொருட்டு. 1977-இல் அமெரிக்க நாய் இதழ் ஒன்றில் வந்த அளவுக்குறிப்பை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1993-இல் நீதிமன்றம் ஏற்றது. பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி மார்பு, தலை, கால் என்று அளந்து பார்ப்பார். தன் நாய் அந்த வகை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. தொடக்கத்தில் வகை உறுதியானால் மரணம்தான். நீதிபதிக்கு வேறு வழியே இல்லை. 1997 திருத்தம்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. நாய் பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று நீதிமன்றம் கருதினால், கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே போகும்போது வாய்மூடியும் கயிறும் ஆகிய நிபந்தனைகளோடு விட்டுவிடலாம். அதைக் கருதும்போது நாயின் குணத்தையும் கடந்த கால நடத்தையையும், உரிமையாளர் தகுதியானவரா என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2014 திருத்தம் எழுதியே வைத்தது. நடத்தை நிபுணர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம். அங்கே பெல்ஃபாஸ்ட் நகரில் 2010 மே மாதம் லெனக்ஸ் என்ற நாயை மாநகராட்சி பிடித்துக்கொண்டு போனது. அது யாரையும் கடித்ததாகப் புகார் இல்லை. உடலமைப்பு பிட்புல் போல் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் அது கூண்டில் இருந்தது. மாநகராட்சி அழைத்து வந்த நிபுணர் போலீஸ் நாய்ப்படையில் பணியாற்றியவர். இந்த நாயின் போக்கைக் கணிக்கவே முடியாது, மிக ஆபத்தானது என்றார். குடும்பத்தின் தரப்பில் வந்த நடத்தை நிபுணர்கள் அதே நாயோடு பழகிப் பார்த்துவிட்டு அப்படி எதுவும் தெரியவில்லை என்றார்கள். நாய் ஒன்றுதான், கூண்டும் ஒன்றுதான், முடிவு மட்டும் இரண்டு. மூன்று நீதிமன்றங்களும் மாநகராட்சியின் பக்கமே நின்றன. 2012 ஜூலை 11 அன்று லெனக்ஸ் கொல்லப்பட்டது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இரண்டு தரப்பு நிபுணர்களில் யார் பொய் சொன்னார் என்பது அல்ல. ஒருவரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. முரட்டுத்தனமாக அணுகுபவரிடம் நாய் ஒரு முகத்தைக் காட்டும். பக்கவாட்டில் மெதுவாக வந்து குனிந்து உட்காருபவரிடம் இன்னொன்றைக் காட்டும். இரண்டுமே அதன் முகங்கள்தான். அதனால்தான் நல்ல அறிக்கை 'சீற்றமான நாய்' என்று எழுதாது. 'பச்சைச் சட்டை அணிந்த ஆண் கையை உயர்த்தியபோது, இரண்டடி தூரத்திலிருந்து, ஒரு முறை உறுமிவிட்டுப் பின்வாங்கியது' என்று எழுதும். கண்டதை எழுதினால் இன்னொருவர் சரிபார்க்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம், காணொளியோடு ஒப்பிடலாம். குணத்தைத் தீர்ப்பாக எழுதிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கடித்த நாயின் வழக்கில் இன்னொன்றும் உண்டு. நாயைப் பார்க்கப் போவதற்கு முன்பே கடியைப் படிக்க வேண்டும். கால்நடை மருத்துவரும் நடத்தை நிபுணருமான இயன் டன்பார் வகுத்த ஆறு படிநிலைகளை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பல் தோலில் படாமல் பாய்ந்து மிரட்டுவது முதல் படி. பல் பட்டும் துளை விழாதது இரண்டாவது. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி ஆழத்துக்கு மிகாதவை, மூன்றாவது. அதைவிட ஆழமாக இறங்கினால் நான்காவது. பலமுறை ஆழமாகக் கடித்தால் ஐந்தாவது, உயிர் போனால் ஆறாவது. வேண்டும் என்றால் எலும்பையே நொறுக்கக்கூடிய தாடையை வைத்துக்கொண்டு, ஒரு நாய் இரண்டாம் படியோடு நின்றிருக்கிறது என்றால் அது தன்னை அடக்கிக்கொண்டது என்று பொருள். நான்காம் படிக்குப் போன நாயைப் பற்றி எந்த நிபுணரும் எளிதில் உறுதிமொழி தர மாட்டார். கடிபட்டவரின் உடம்பில் உள்ள காயத்தைவிட நேர்மையான சாட்சி இந்த வழக்குகளில் கிடைப்பதில்லை. கடிபட்டவர் பக்கத்து நியாயமும் அந்தக் காயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கிலாந்து நீதிமன்ற விதிகளின்படி நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்குத்தான். பணம் கொடுத்தவருக்கு அல்ல. நிபுணர் கருத்து நம் சட்டத்துக்கும் புதிதல்ல. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இன்று பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 39-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் நாய் வழக்குகளில் நம் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. விலங்கை வைத்திருப்பவர் கவனக்குறைவாக இருந்தாரா என்றுதான் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு கேட்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது உரிமையாளர் கைது செய்யப்பட்டார். உரிமம், வாய்மூடி, கயிறு என்று பேச்சு ஓடியது. இன்னென்ன இனங்களைத் தடை செய்ய வேண்டும் என்ற குரலும் கேட்டது. நாயின் நடத்தை மதிப்பீடு என்ற சொல் அந்தப் பேச்சில் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை.

இப்போது அந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வில் அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது அந்த உத்தரவு. வெறிநோய் உள்ளவை, இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவை, சீற்றமான நடத்தை காட்டுபவை ஆகியவற்றை மட்டும் விடக் கூடாது என்றது. வெறிநோயைக் கால்நடை மருத்துவர் அறிகுறிகளை வைத்துச் சந்தேகிக்கலாம், ஆய்வகத்தில் உறுதி செய்யலாம். சீற்றமான நடத்தைக்கு அந்த உத்தரவில் வரையறை எதுவும் தரப்படவில்லை.

நடைமுறையில் இதை முதலில் முடிவு செய்யப் போவது நாய் பிடிக்கும் வண்டியில் வரும் ஊழியர். அவருடைய வேலை கடினமானது. கடி வாங்காமல் ஓய்வுபெறுகிறவர்கள் குறைவு. நடத்தையைப் படிக்கும் பயிற்சியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை என்றால் அது அவர் குற்றம் அல்ல. விக்கின் 49 நாய்களுக்கு ஒரு குழுவும் ஒரு பேராசிரியரும் 9 லட்சம் டாலரும் இருந்தன. நம் மாநகராட்சிகளுக்கு அப்படி எதுவும் கிடைக்கப் போவதில்லை. கடி நடந்ததா, எந்தப் படியில், யாருக்கு, எந்தச் சூழலில் என்று குறிக்க அச்சடித்த ஒரு பக்கப் படிவம்; பிடித்த அன்றே முடிவு எழுதாமல் சில நாள் கழித்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் மறுபடியும் பார்ப்பது. இவ்வளவுக்குப் பெரிய செலவு ஆகாது.

காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் வண்டி வந்து நிற்கிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள், வலை விழுகிறது. வலைக்குள் மாட்டிய நாய் உறுமும், பல்லைக் காட்டும், கயிற்றைக் கடிக்கும். நேற்றுவரை அந்தத் தெருப் பிள்ளைகள் பிஸ்கட் போட்டு வளர்த்த நாயும் அப்படித்தான் செய்யும், போன வாரம் ஒரு பெரியவரின் கெண்டைக்காலைக் குதறிய நாயும் அப்படித்தான் செய்யும். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் கையில் இப்போது இருப்பது வலை மட்டும்தான்.